கடல் புகுந்த கிணற்றை ஒட்ட இறைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல் ஊருக்குள் புகுந்து வடிந்ததும் கிணற்றில் இன்ஜினை வைத்து ஒட்ட இறைப்பதுதான் நம் வழக்கம். 2004 சுனாமிக்குப் பின் கிழக்கிலங்கையிலும் இதைத்தான் செய்தார்கள். திரும்பத் திரும்ப இறைத்தும் பல கிணறுகளில் உப்பு குறையவில்லை; சிலவற்றில் கூடியது.

மணற்பாங்கான கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும். மேலே மட்டத்தை வேகமாக இறக்கினால் அடியிலுள்ள உப்பு கூம்புபோல மேலேறிவிடும்.

எனவே சேற்றையும் குப்பையையும் அள்ளிவிட்டு, ஒரே ஒருமுறை, மெதுவாக இறைத்தால் போதும். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே விடாதீர்கள்; மணல் வழியாக மறுபடி உள்ளேதான் வரும். உப்பைக் கீழே தள்ளுவது மழைதான்.

நீர் தெளிந்த பிறகே பிளீச்சிங் பவுடர். கலங்கல் குளோரினைத் தின்றுவிடும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது குறைந்தபட்ச அளவு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். இது கிருமிக்குத்தான், உப்புக்கு அல்ல. 100 லிட்டரில் 2 லிட்டர் கடல்நீர் கலந்தாலே உப்பிலுள்ள குளோரைடு, குடிநீருக்கு ஏற்ற அளவான லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மழை உப்பைத் தள்ளும்வரை குடிக்க லாரித் தண்ணீர்தான். கிணற்று நீர் கழுவவும் துவைக்கவும் மட்டும்.

– ஒரு வாசகர், வேதாரண்யம்