மேடும் பள்ளமுமான ஊரில் சைக்கிள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போனவளுக்கு இந்த மேட்டுப் பகுதியில் 10-க்கு மேல் ஏறவில்லை, கால் வலு குறைந்துவிட்டதோ என்று எழுதியிருக்கிறாய். அப்படி ஒன்றும் இல்லையம்மா. நீயும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள். சமதரையில் 25-ல் போக எவ்வளவு உழைக்கிறாயோ, அதே உழைப்பு 5 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரும் மேட்டில், சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தைத்தான் கொடுக்கும். அதனால் வேகம் காட்டும் கருவியைச் சில வாரம் கழற்றி வை. ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அளவாக மிதிக்கிறாய். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நின்றால் கியரைக் குறை.

குறைக்கக் கியர் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்னால் சின்ன பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல் என்றால், மணிக்கு 10 கிலோமீட்டரில் பெடல் நிமிடத்துக்கு 65 சுற்றுதான் சுற்றும். ஏற்றம் இன்னும் செங்குத்தானால் அது 50-க்கு இறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் பாரம் கூடி முழங்கால் வலி வருவது அங்கேதான். பின்னால் பெரியதில் 34 பல் உள்ள கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கரங்களின் தொகுப்பு) போட்டால் அதே வேகத்தில் 80 சுற்றுக்குப் பக்கம் வரும். புது சைக்கிளுக்குச் செலவழிப்பதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் கேசட்டை மட்டும் மாற்றிவிட முடியாது. பின் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி, அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும், செயின் நீளமும் போதுமா என்று பார்க்க வேண்டும். செயின் குட்டையாக இருந்து முன்னும் பின்னும் பெரிய பல்லில் ஏறிவிட்டால் டீரெய்லரையே பிய்த்துக்கொண்டு போகும்.

கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்று. பாதி மேட்டில் முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் நறுநறுக்கும், சில நேரம் கழன்றும் விழும். மாட்டிக்கொண்டால் ஒரு மிதி அழுத்தி, அடுத்த அரைச் சுற்றில் பாரத்தைத் தளர்த்தி மாற்று.

ஏறுவதை விட இறங்குவதுதான் எனக்குக் கவலை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் பிரேக்கை இறுக்காதே. நீண்ட இறக்கத்தில் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது தவறு. சக்கர விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் அந்த விளிம்பு சூடேறி ட்யூப் வெடிக்கலாம். அழுத்திப் பிடி, வேகம் குறைந்ததும் முழுதாக விடு, ஆறட்டும். இறங்கும் முன் உச்சியிலேயே காற்றுத் தடுக்கும் மேல்சட்டையைப் போட்டுக்கொள். வியர்த்த உடம்பில் காற்று அடித்தால் விரல் விறைக்கும், விறைத்த விரலால் பிரேக் பிடிக்க வராது.

இரவல் சைக்கிளோ புது சைக்கிளோ எடுத்தால், எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்று நின்ற இடத்திலேயே அழுத்திப் பார். சில நாடுகளில் வலது, சில நாடுகளில் இடது. பழக்கத்தில் முன் பிரேக்கைத் திடீரென அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

குளிர் கூடினால் டயர் காற்றும் இறங்கும். 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயரில், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறையும். பஞ்சர் என்று பயந்துவிடாதே, வெளியே கிளம்பும் முன் ஒரு முறை அளந்து பார்த்தால் போதும். மழைச் சாலை என்றால் ஈரத்துக்கான செயின் எண்ணெய், தூசிச் சாலை என்றால் உலர்ந்த வகை. எதுவானாலும் போட்ட பிறகு வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடு, இல்லையென்றால் மண் ஒட்டும்.

ஆரம்பத்தில் போகும்போது ஏற்றமும் திரும்பும்போது இறக்கமும் வரும் வழியாகப் பார்த்துக்கொள். களைத்த பிறகு வீட்டுக்கு ஏறுவது கொடுமை.

பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணி எழுது. டீரெய்லரில் பொறித்திருக்கும் மாடல் எண்ணையும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை கேசட் வாங்காதே.

அன்புடன்,
அப்பா