அல்சைமர் இரத்தப் பரிசோதனை: யாருக்கு, எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையில் எடுக்கும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே அல்சைமர் நோயைக் கண்டறிய முடியும் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 31 ஆண்டுகள் ஆய்வக நுட்புநராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற எனக்கு அது மகிழ்ச்சி தந்த செய்திதான். ஆனால், அந்தப் பரிசோதனையை யாருக்குச் செய்ய வேண்டும் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்ததால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

2025 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதியளித்த ‘லுமிபல்ஸ்’ என்ற இரத்தப் பரிசோதனை, பிளாஸ்மாவில் (இரத்த அணுக்களை நீக்கிய திரவப் பகுதியில்) உள்ள பி-டாவ் 217, அமிலாய்டு பீட்டா 42 ஆகிய இரு புரதங்களின் விகிதத்தை அளக்கிறது. அல்சைமரின் அடையாளமாக மூளையில் அமிலாய்டு புரதம் படியும்போது முதலாவது இரத்தத்தில் கூடும், இரண்டாவது குறையும். 499 மாதிரிகளைச் சோதித்ததில், ‘பாசிட்டிவ்’ வந்தவர்களில் 91.7 சதவீதத்தினருக்குப் ‘பெட்’ எனும் மூளை ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு உறுதியானது. ‘நெகட்டிவ்’ வந்தவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு அது இல்லை என்று தெரிந்தது. 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு முடிவு இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்கு நோயாளிகள் எவ்வளவு அஞ்சுவார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். அந்த வகையில் இது பெரிய வரம். ஆனால், நினைவுக் குறைபாட்டின் அறிகுறிகளோடு சிறப்பு மருத்துவரிடம் வந்தவர்களுக்காகவே அந்த அனுமதி வழங்கப்பட்டது.

இந்த வரம்பு ஏன் என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிற, நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விலக்குகிற பரிசோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மறதிக்காக மருத்துவரிடம் வந்த 100 பேரில் 50 பேருக்கு உண்மையில் நோய் இருந்தால், பாசிட்டிவ் வரும் 50 பேரில் 45 பேர் நோயாளிகள். அதே பரிசோதனையை, 10 பேருக்கு மட்டுமே நோயுள்ள வேறு 100 பேருக்குச் செய்தால், பாசிட்டிவ் வருவோர் 18 பேர். அவர்களில் 9 பேருக்கு நோயே இருக்காது. கருவியும் அதேதான், வேதிப்பொருளும் அதேதான். ஆள் மாறியதும் முடிவின் நம்பகம் பூவா தலையா என்றாகிவிடுகிறது.

என் அக்காவுக்கு 72 வயது. ஓராண்டுக்கு முன், அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார்; கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். அல்சைமர்தான் என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டோம், நான் உட்பட. மருத்துவரோ முதலில் வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். நெடுநாள் சாப்பிட்டால் பி12-ஐக் குறைக்கக்கூடிய மெட்ஃபார்மின் மாத்திரையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்குச் சாப்பிட்டுவந்தவருக்கு பி12 மிகக் குறைந்திருந்தது. ஊசி போடத் தொடங்கி மூன்று மாதங்களில் சீட்டுக் கணக்கைப் பழையபடி அவரே எழுத ஆரம்பித்தார். எழுபது வயதைத் தொட்டவர்களில், நினைவு தெளிவாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மூளையில் அமிலாய்டு இருக்கக்கூடும். அன்று முதலிலேயே அந்தப் பரிசோதனையைச் செய்து, பாசிட்டிவ் என்றும் வந்திருந்தால், பி12 பக்கம் யாரும் திரும்பியிருக்க மாட்டோம்.

ஆய்வகத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை உரிய நேரத்தில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காமல், வெயிலில் இருசக்கர வாகனப் பெட்டிக்குள் மணிக்கணக்கில் ஊர் சுற்ற விட்டால் அமிலாய்டு அளவு குறைந்துபோகும். பி-டாவ் ஓரளவு தாங்கும். அதனால் விகிதம் பொய்யாக உயர்ந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நோய் இல்லாமலேயே பி-டாவ் கூடுதலாகக் காட்டலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் இந்த எண்ணைப் படிப்பது அரைகுறை வேலை.

இவற்றையெல்லாம் சொல்வதால் நான் இப்பரிசோதனைக்கு எதிரானவன் என்று கொள்ள வேண்டாம். 2024இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், அல்சைமரை ஆரம்ப சுகாதார மருத்துவர்கள் 61 சதவீதமும் மறதி நோய் வல்லுநர்கள் 73 சதவீதமும் சரியாகக் கணித்தபோது, இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ 90 சதவீதம் சரியாகச் சொன்னது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க மூன்று பேருந்து மாறிப் போகும் நம் கிராமத்து முதியவர்களுக்கு, மருத்துவர் பரிசோதித்து எழுதித் தரும் நிலையில், இது மிகவும் பயன்படும்.

நாளை இதுவும் ‘முழு உடல் பரிசோதனை’ச் சலுகைப் பட்டியலில் ஒரு வரியாக ஏறிவிடுமோ என்பதே என் அச்சம். மருத்துவரின் சீட்டு இல்லாமல் இதற்கு இரத்தம் எடுக்கக் கூடாது என்றும், முடிவை வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்பாமல் மருத்துவர் வழியாகவே நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சுகாதாரத் துறை இப்போதே விதி வகுக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்.