ஓசியில போர்டு குடுத்தா மட்டும் பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

காரைக்குடி சுத்துப்பட்டுல விளம்பர போர்டு வச்சிருக்கவங்க சில பேரு, பார்ட்டி கிடைக்காம காலியா நிக்கிற போர்டுகள விழிப்புணர்வு விளம்பரத்துக்குன்னு காசு வாங்காம குடுக்குறாங்க. "விளம்பரம் செய்ய அணுகவும்"னு ஒரு போன் நம்பரோட வெயில்ல காயுறதுக்கு இது எவ்வளவோ தேவலாம், நல்ல மனசுதான், அத நான் குறை சொல்ல வரல. ஆனா போட்டத யாராச்சும் ரோட்டுல நின்னு ஒருதரம் படிச்சு பாத்தாங்களான்னுதான் கேக்குறேன்.

நான் பள்ளத்தூர்ல இருந்து காரைக்குடிக்கு பஸ்ல போயிட்டு வர்றவ. வழியில ஒரு டெங்கு போர்டு இருக்கு. இடது பக்கம் இடம் குடுத்தவரு கும்புட்ட கையோட நிக்கிறாரு, வலது பக்கம் பிரிண்டிங் செலவ ஏத்துக்கிட்ட சங்கத்து ஆளுங்க பாஸ்போர்ட் சைஸ்ல வரிசையா, மேல ரெண்டு லோகோ, இதெல்லாம் போக மிச்சம் இருந்த மூலையில கொசுவுக்கு எடம் குடுத்திருக்காங்க பாவம். அதுக்கு கீழ பொடி எழுத்துல ஏகப்பட்ட வரி, தண்ணி தேங்க விடாதீங்கங்கற முக்கியமான விஷயம் அதுக்குள்ள எங்கயோ கெடக்கு. 50 கிலோமீட்டர் வேகத்துல போற பஸ்சு ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிரும், போர்டு கண்ணுல படுறதே நாலஞ்சு செகண்டு, அதுல யாரு மூஞ்சிய பாக்குறது யாரு வரிய படிக்கிறது சொல்லுங்க. அஞ்சாறு வார்த்தைக்கு மேல அதுல ஏறாது.

ரொம்ப வருஷம் முன்னாடி "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு தமிழ்நாடு பூரா போர்டு வச்சாங்களே, ஞாபகம் இருக்கும். ஒரே ஒரு கேள்விதான், டீக்கடை டீக்கடையா அதே பேச்சு. திட்டுனவங்களும் உண்டு, ஆனா படிக்காம தாண்டிப் போனவங்க கம்மி.

அந்த மாதிரி நம்ம ஊருக்குன்னு யோசிச்சு எழுதணும்ங்கறதுதான் என் கோரிக்கை. சென்னையில டிசைன் பண்ணி அனுப்புன டயரு, தேங்கா சிரட்டை படத்தையே இங்கயும் ஒட்டுறாங்க. நம்ம பக்கம் பிரச்சனையே வேற. பாதி வீடு பூட்டிக் கெடக்கு, ஓனருங்க சென்னையிலயும் சிங்கப்பூர்லயும், ஒரு கல்யாணம் காதுகுத்துன்னா வந்து பத்து நாள் தங்கிட்டு பூட்டிட்டு போயிருவாங்க, முத்தத்துல வச்ச அண்டா அப்படியே இருக்கும், மழை பேஞ்சா ரொம்பிரும். டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அது கொசுவாகி பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அப்புறம் கடிபடுறது பக்கத்து வீட்டுக்காரங்கதான். "வீட்ட பூட்டுறீங்களா? அண்டாவ கவுத்தாச்சா?" இவ்வளவுதான், ஐப்பசி மழைக்கு முன்னாடி இந்த ஒரு வரிய போர்டு முழுசா போடுங்க. அதே மாதிரி தனியா இருக்கற வயசான ஆச்சிமார்களுக்கு போலீஸ்னு சொல்லி வீடியோ கால்ல மிரட்டி பணம் புடுங்குறாங்க, அதுக்கு சைபர் மோசடிய புகார் பண்ற 1930ங்கற நம்பர் மட்டும் ஆளுயரத்துக்கு இருந்தா போதும். குடுத்தவங்க பேரு கீழ சின்னதா ஒரு வரி இருக்கட்டும், அது தப்பே இல்ல.

இன்னொன்னு, ஓசின்னா எப்பவும் புளியமரத்துக்கு பின்னாடி இருக்கற போர்டுதான் வருது. காசு குடுக்குற பார்ட்டி வந்தா கழட்டத்தான் செய்வாங்க, அது அவங்க பொழப்பு, புரியுது. வருஷம் பூரா நல்ல எடத்த கேக்கல. தைப்பூசத்துக்கு நம்ம நகரத்தார் காவடி குன்றக்குடியில இருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனிக்கு நடந்து போகுதுல்ல, இருட்டோட எந்திரிச்சு ரோட்டோரமா சாரி சாரியா நடக்குற ஜனம், எதுக்க வர்ற லாரிக்காரருக்கு கிட்ட வந்தப்புறந்தான் தெரியும். அந்த ரெண்டு வாரம் மட்டும் அந்த ரோட்டுல லைட்டு போட்ட பெரிய போர்டுகள்ல சிலத குடுங்க. "ஆள் நடக்குது, மெதுவா போங்க"ன்னு டிரைவருக்கு தெரியுற மாதிரி போடுங்க, பக்தர்களுக்கு வாழ்த்து சொல்ற போர்டுதான் வேணுங்கற அளவு இருக்கே.

வைக்கிறவங்க அனுமதி வாங்கி, ஃபிரேம செக் பண்ணிட்டு வைங்க. 2019ல சென்னை பள்ளிக்கரணையில பேனர் விழுந்து வண்டியில போன பொண்ணு செத்துப்போனத யாரும் மறக்கல. பூசம் முடிஞ்சதும் கழட்டுற கூலியையும் முன்னாடியே பேசி வச்சிருங்க, போன வருஷத்து ஃபிளெக்ஸ் இன்னும் கிழிஞ்சு கம்பியில தொங்குது. போர்டு வச்சிருக்கவங்களும் சங்கத்துக்காரங்களும் உங்க பேப்பர் படிக்கிறவங்கதான், மார்கழி பொறக்குறதுக்குள்ள பேசி முடிச்சா எடம் கிடைக்கும், அதுக்கப்புறம் பொங்கல் ஜவுளி விளம்பரம் வந்து உக்காந்துக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.