அண்ணாவியாருக்குப் பெயர் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை கொழும்பில் ஒரு பங்கு மண்டபத்தில் நடந்த விழா பற்றிய செய்தியைத் தங்கள் பத்திரிகையில் வாசித்தேன். மங்கல விளக்கேற்றியவர்கள், தலைமை தாங்கியவர், பொன்னாடை போர்த்தியவர், பெற்றவர் எல்லாருடைய பெயரும் பதவியோடு வந்திருக்கிறது. கடைசி வரியில், 'யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆலயக் குழுவின் கலை நிகழ்ச்சியும் இடம்பெற்றது' என்று முடித்துவிட்டார் தங்கள் செய்தியாளர்.

அந்தக் 'கலை நிகழ்ச்சி' எஸ்தாக்கியார் கூத்து, அந்தக் கிறிஸ்தவப் புனிதரின் கதையைப் பாடி ஆடும் நாடகம். பழக்கியவர் எங்கள் அண்ணாவியார், கூத்து ஆசான். தகப்பனிடமிருந்து மெட்டையும் கொப்பியையும் வாங்கியவர். கடலுக்குப் போய்வந்த களைப்போடு, இரவில் கோயில் முற்றத்தில் பிள்ளைகளை இருத்தி, ஒரு சதம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் குழுவில் பெரும்பாலானோர் கடற்றொழிலாளர். ஞாயிறு எப்படியும் தொழிலுக்குப் போவதில்லை. வெள்ளியும் சனியும் வள்ளத்தைக் கரையில் விட்டுவந்தால் வீட்டில் என்ன நிலை என்பது தாங்கள் அறியாததல்ல. பஸ் வாடகையை ஊரில் வீடு வீடாகச் சேர்த்தோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம், மணிமுடிகள் நசுங்காதபடி மடியில் வைத்துக்கொண்டே வந்தோம்.

ஒரு மணித்தியாலம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். உரைகள் நீண்டன, எங்களுக்குரிய நேரம் பாதியாயிற்று. விடிய விடிய ஆடும் கூத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கவே அண்ணாவியார் மனம் நொந்து எத்தனையோ விருத்தங்களை வெட்டியிருந்தார். இப்போது ஆறு கடக்கும் கட்டமும் போயிற்று. எஸ்தாக்கியாரின் இரண்டு பிள்ளைகளையும் விலங்குகள் தூக்கிக்கொண்டு போகும் இடம் அது. அந்த வேடக்காரச் சிறுவர்கள் இருவரும் முத்துவெள்ளை பூசிய முகத்தோடு மேடைக்குப் பின்னால் வாங்கில் இருந்தார்கள். சின்னவன் தன் பாட்டை வாய்க்குள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'உங்கள் கட்டம் இல்லை, தம்பி' என்று அவனிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

இது புதிதல்ல, ஐயா. போட்டிகளில் 'ஆட்டம் குறைவு' என்று புள்ளியைக் குறைத்த நடுவர்களைக் கண்டிருக்கிறோம். யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடையே தென்மோடி என்ற எங்கள் கூத்துமுறை பாட்டை முதன்மையாகக் கொண்டே வளர்ந்தது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? திருவிழா இரவில் கூத்தை நிறுத்திவிட்டு இசைக்குழுவை அழைத்தபோதும் பொறுத்துக்கொண்டோம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடக ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். அந்த அக்கறையை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். பின்னாளில் ஒலிப்பதிவுக் கருவியோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த ஒருவர், அண்ணாவியாரின் தகப்பனாரை நாள் முழுவதும் பாடவைத்தார். அச்சில் வந்தபோது அங்கே இருந்தது 'ஊர்ப் பெரியவர் ஒருவர்' என்பது மட்டுமே.

1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, அண்ணாவியாரின் தாயார் கூத்துக் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்துச் சுமந்தார். வீட்டில் வேறு எத்தனையோ சாமான்கள் இருந்தன; அவற்றை விட்டுவிட்டுத்தான் இவற்றை எடுத்தார். அப்படிக் காப்பாற்றிய கூத்துக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் செய்தி போட எப்படி மனம் வந்தது?

அடுத்த ஞாயிறு இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட்டு உதவுங்கள். கூத்தின் பெயர், ஊரின் பெயர், அண்ணாவியாரின் பெயர், ஆடியவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இடம் போதாவிட்டால் எங்கள் பெயர்களை விட்டுவிடலாம். அண்ணாவியாரின் பெயரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பிற்பாட்டுக்காரர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.