வீக்கம் எங்கே என்று அம்மா கேட்கிறாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போனில் பேசினால் நீ பஸ்ஸில் தொங்கிக்கொண்டே "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். நான் சொல்வதில் பாதி கோல்பேஸ் காற்றில் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். தலவாக்கலையில் மூன்று நாளாக மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாததால் எழுதுவதற்கு நேரம் நிறைய இருக்கிறது, நீதான் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நீ எழுதுகிற வணிகப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் காம்பரா பையன் போனில் எடுத்து வாசிக்கிறான். வாசல் இஸ்தோப்பில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுகிறார்கள். நம்ம பிள்ளை எழுதுவது என்று பெருமைதான். ஆனால் போன வாரம், 2022 செப்டெம்பரில் 69.8 வீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த செப்டெம்பரில் 1.3 வீதமாகச் சரிந்தது என்று நீ எழுதியிருந்த வரியை அவன் வாசித்ததும், அம்மா கையிலிருந்த ரொட்டி மாவை அப்படியே வைத்துவிட்டு, "வீக்கம்னா எங்க வீங்குச்சு? சரிஞ்சிருச்சுன்னா மா விலை ஏன் சரியல?" என்று கேட்டாள். பையன் என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன்.

கேள்வி சரியான கேள்வி. உன் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை.

நான் இப்படிச் சொன்னேன். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு மேலே ஏறுகிற லொறியை நினைத்துக்கொள். லொறிதான் விலைவாசி, நீ எழுதிய அந்த வீதம் லொறி ஏறுகிற வேகம். 2022-ல் கண்மண் தெரியாமல் ஏறியது. மறுவருஷம் முக்கி முக்கி ஏறியது. வேகம் குறைந்ததே தவிர, லொறி கீழே இறங்கவில்லையே. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் அடுத்த வருஷம் ஏறக்குறைய 170 ரூபா, அதற்கடுத்த வருஷம் 172 ரூபா. நூறு ரூபாவுக்குத் திரும்பவே இல்லை. அம்மா மாவைப் பிசைந்துகொண்டே, "அப்ப அந்தப் பிள்ளை சரிஞ்சிருச்சுன்னு ஏன் எழுதுது, ஏறுறது கொறஞ்சிருச்சுன்னு எழுத வேண்டியதுதானே" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. நீயே யோசித்துப் பார்.

பணக் கணக்கு எங்களுக்கு அந்நியம் என்று நினைத்துக்கொண்டு எழுதாதே. உன் அத்தை பதினெட்டு வருஷமாகச் சீட்டுப் பிடிக்கிறாள். இருபது பேர், மாதம் ஐயாயிரம், எடுக்கிறவருக்கு ஒரு இலட்சம். முதல் மாதம் எடுக்கிறவள் வட்டியில்லாமல் கடன் வாங்குகிறாள், கடைசி மாதம் எடுக்கிறவள் வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருக்கு அவசரம், யாருக்குப் பொறுக்கும் என்று பார்த்துத்தான் வரிசை போடுகிறாள். கணக்கு எங்களிடம் இருக்கிறது, உங்களுடைய சொல் மட்டும்தான் இல்லை. அந்தச் சொல் தெரியாமல் போனதற்கு எங்கள் வீட்டில் எவ்வளவு காசு போயிருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

முதலில் சம்பளத் துண்டு. அம்மா கொழுந்தெடுத்த காலம் முழுக்க அந்தத் துண்டில் அவள் பார்த்தது கடைசி எண்ணை மட்டும். சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ், கோயில் காசு என்று வெட்டியது போக மிச்சம் என்ன, அவ்வளவுதான். சேமலாப நிதி என்று ஒரு வரி, ஓய்வுக்குப் பிறகு கைக்கு வருகிற சேமிப்பு அது. அதையும் வெட்டு என்றே நினைத்திருந்தாள். "புடிச்ச காசு போன காசு" என்பாள். சட்டப்படி உன் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் வேலை கொடுத்தவர் 12 வீதம் போட வேண்டும், அது போக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம், அதுவும் அவர் கையிலிருந்து. அதாவது நூறு ரூபா சம்பளத்துக்கு நீ எட்டு ரூபா வைத்தால் அவர் பதினைந்து ரூபா வைக்கிறார். இந்த ஒரு விஷயத்தை இஸ்தோப்பில் சொன்னபோது எல்லாரும் வீட்டுக்குள் போய்ப் பழைய துண்டுகளைத் தேடினார்கள். ஒருத்தியின் துண்டில் நாலைந்து மாதம் அந்த வரியே இல்லை. நீ பங்குச் சந்தையில் ஆரம்பித்தாய். சம்பளத் துண்டில் ஆரம்பித்திருக்கலாம்.

அடுத்தது தேயிலை ஏலம். இது என் சொந்த இலாகா, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முப்பத்தொரு வருஷம் பெக்டரியில் இருந்தேன். வாட்டுத் தட்டு, ரோலர், கடைசியில் சல்லடைக் காம்பரா. தேயிலைப் பையில் தோட்டத்து மார்க்கும், பீஓபி, பீஓபிஎஃப் என்ற தேயிலை ரக எழுத்துகளும் அடிக்கிற வேலை பல வருஷம் என் கையில்தான். பை கொழும்புக்குப் போகும். ஏலம் முடிந்து இரண்டு நாளில் டீமேக்கர் முகத்தைப் பார்த்தே விலை தெரிந்துவிடும். நல்ல விலை என்றால் அன்றைக்கு எங்களுக்குப் பிளேன்டியில் சீனி கூடும். எங்களுக்குக் கிடைத்த இலாபம் அதுதான்.

அந்த ஏலம் 1883-ல் தொடங்கியது. 2020-ல் கொரோனா வந்த பிறகு கொம்பியூட்டருக்கு மாறிவிட்டது. தரகர்கள் முன்கூட்டியே ருசி பார்த்து மதிப்புச் சொல்ல, வாங்குகிறவர்கள் போட்டிக்கு விலை கேட்பார்கள். வாங்குகிறவன் வெளிநாட்டுக்காரனுக்கு டொலரில் விற்பவன். அதனால் கிலோ விலை ரூபாவில் சொல்லப்பட்டாலும் அதற்குப் பின்னால் டொலர் நிற்கிறது.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா சொச்சம். மே மாதத்துக்குள் 360 வரை போனது. ஏலத்தில் கிலோ விலை முந்திய வருஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் 2021-ல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டிருந்தார்கள் அல்லவா, மலையில் கொழுந்து குறைந்துபோய்விட்டது. கொழுந்து குறைந்தால் தோட்டம் கேட்கிற கிலோ முடியாது, கிலோ முடியாவிட்டால் அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம். ஆக, தேயிலை இரட்டிப்பு விலைக்குப் போன அந்த வருஷத்தில்தான் பக்கத்துக் காம்பராக்களில் அரைப்பேர் அதிகம். நாள் சம்பளம் 2021-ல் நிர்ணயித்த அதே ஆயிரம் ரூபா. அது 1,350 ஆனது 2024 செப்டெம்பரில்தான்.

அந்த நாட்களில் செய்தியில் "ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியால் ஏற்றுமதியாளருக்கு நன்மை" என்று ஒரு வரி வரும். வாசித்தவர் அதோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். அந்த நன்மை யார் வீட்டு வாசலில் இறங்கியது, யார் வாசலைத் தாண்டிப் போனது என்று ஒரு வரி கூடச் சேர்த்திருந்தால் இங்கே ஒவ்வொருத்தரும் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள். ஒரு கையில் காசு கூடினால் அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று சொல்லு. செய்தி எழுதும்போது எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கொள்கை வட்டி, அதாவது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குப் போடுகிற வட்டி, பற்றி எழுதும்போது "அடிப்படைப் புள்ளி" என்று போட்டிருந்தாய். நூறு புள்ளி சேர்ந்தால் ஒரு வீதம், அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 700 புள்ளி, அதாவது ஏழு வீதம் ஏற்றியது. அடுத்த மாதம் அம்மாவின் சங்கிலியைத் திருப்பப் போனபோதுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது. அடகுக் கடை சீட்டோடு சேர்த்து எழுது, எல்லாருக்கும் புரியும்.

இப்போது கிழமைக் கடன், வாராவாரம் கட்டுகிற கடன். இதை நீ இன்னும் எழுதவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஐந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக் கடன் கொடுக்கிறார்கள். கீழ் லயத்தில் ஒருத்தி வாங்கினாள். ஒரு இலட்சம், ஒரு வருஷம், வட்டி 24 வீதம். "பேங்க்ல கிரெடிட் கார்டுக்கே இதவிடக் கூட" என்று அந்த ஏஜென்ட் சொன்னாராம். நான் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மொத்தம் 1,24,000, மாதக் கணக்கில் பார்த்தால் 10,333. ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அவள் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். ஆறு மாதம் போனால் பாதி முதல் அவர்கள் கைக்கே போய்விட்டது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறைகிற மீதிக்கு மட்டும் வட்டி போடுகிற முறையில் இதைப் பார்த்தால் 40 வீதத்தைத் தாண்டிவிடும். இந்த இரண்டு முறைக் கடனும் தாளில் "24" என்றே இருக்கும். "மிச்சத்துக்கு வட்டியா, மொத்தத்துக்கு வட்டியா?" என்று கேட்கத் தெரிந்திருந்தால் அவள் தோட்டை விற்றிருக்க மாட்டாள்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு இதுவரை சொன்னதில்லை. 2022 கடைசியில் என் சேமலாப நிதிக் காசு கையில் இருந்தது. உன் மாமா மகன் திறைசேரி உண்டியல் வாங்கச் சொன்னான். அரசாங்கம் கடன் வாங்குகிற தாள் அது. 91, 182, 364 நாள் என்று மூன்று வகை. வட்டியைத் தனியாகத் தரமாட்டார்கள், குறைந்த விலைக்கு விற்று முழு விலையைத் திருப்பித் தருவார்கள். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 77,000 கட்டினால் வருஷம் கழித்து ஒரு இலட்சம், அதாவது 30 வீதத்தை ஒட்டி. எனக்குப் பயம். அந்த ஏப்ரலில்தான் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கைவிரித்தது. அதோடு இன்னொரு கணக்கும் போட்டேன்: விலைவாசி 70 வீதம் ஏறுகிறது, 30 வீதம் வந்து என்ன பண்ண? காசைச் சேமிப்புப் புத்தகத்திலேயே விட்டேன்.

அந்தக் கணக்கில்தான் தப்பு. எழுபது வீதம் என்பது அதுவரை ஏறி முடிந்த மேடு. நான் போடப்போகிற காசுக்கு வரப்போகிற வருஷத்து மேடுதான் கணக்கு, அது அடுத்த செப்டெம்பருக்குள் 1.3-க்கு வந்துவிட்டது. துணிந்து வாங்கியவர்களுக்குச் சொன்ன காசு வந்தது. ஆனால் இதை வைத்து உண்டியல் வாங்குங்கள் என்று எழுதிவிடாதே, மகள். 30 வீதம் கொடுத்ததே எல்லாரும் என்னைப் போலப் பயந்ததால்தான், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. இன்றைக்கு யாராவது போனில் "மாசம் முப்பது வீதம்" என்றால் அது வேறு கதை. ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிட் திட்டங்களுக்கு வங்கிச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. இங்கே இளவட்டம் இரண்டு பேர் ஏற்கெனவே மாட்டிக்கொண்டார்கள், பெயர் வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். உன் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தாயே, தேடினோம். டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் கிடைத்தது. அதோடு இன்னொரு தாளும் கிடைத்தது. ஓரத்தில் பூவேலை, கீழே முத்திரை, எல்லாம் இங்கிலீசில்.

1992-ல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். சில வருஷம் கழித்துக் கம்பனிகளையே விற்கத் தொடங்கியபோது, பங்குகளில் 10 வீதத்தைத் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நீ பிறப்பதற்கு முன்னால். பெயர் கூப்பிட்டு, கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்கள். அது என்ன தாள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் சம்பள நாளன்று டவுனிலிருந்து ஒரு ஆள் வந்து, தாளுக்கு இவ்வளவு என்று காசை எண்ணி வைத்தார். வரிசையில் நின்றுதான் கொடுத்தோம். என்னுடையதை விற்ற காசில் ஒரு சேட்டும் அரைக் கிலோ ஆட்டிறைச்சியும் வாங்கினேன். அம்மா மட்டும் கொடுக்கவில்லை. முத்திரை போட்ட தாளைக் கண்ட ஆளிடம் கொடுக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நேற்று ராத்திரி அதைப் பற்றி அவளிடம் பேசினேன். பங்கு என்றால் அந்தக் கம்பனியில் ஒரு துண்டு உன்னுடையது, இலாபம் பிரித்தால் உனக்கும் பங்குண்டு, வருஷக் கூட்டத்தில் கைதூக்கவும் உனக்கு உரிமை உண்டு என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நானும் மொதலாளியா? எனக்கு நானே அரைப்பேர் போட்டுக்கிட்டேனா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், இருமல் வரும்வரை நிறுத்தவில்லை.

தாளின் இரண்டு பக்கத்தையும் பையனின் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் சீ.டி.எஸ். என்கிற, பங்கைக் கொம்பியூட்டரில் பதிந்து வைக்கிற கணக்கு இல்லாமல் பங்கை விற்கவோ வாங்கவோ முடியாது என்கிறார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரி. அவசரமில்லை, அம்மா விற்கச் சொல்லவில்லை. அதில் எழுதியிருப்பது எல்லாவற்றையும், கீழே இருக்கிற பொடி எழுத்து உட்பட, தமிழில் எழுதி அனுப்பச் சொல்கிறாள். அடுத்த ஞாயிறு இஸ்தோப்பில் வாசிக்க வேண்டுமாம்.

குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா