ஆமையின் மூச்சு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்கள் என்றதும் மனசு லேசாகிவிட்டது. உன் மகள் வேலையை விட்டதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். இந்தக் கடிதம் முழுக்க ஒரே ஒரு நாளைப் பற்றியது. பதினெட்டு நாள் ஆகிறது, இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஏழாம் வகுப்பில் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப்புத்தகத்தை நீயும் நானும் மாற்றி மாற்றி எடுத்துப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? நடுப்பக்கத்தில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு சுறா இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். "இது நம்மளைப் பார்த்தா என்னடி நினைக்கும்?" என்று கேட்டாய். அந்தச் சுறாவைப் பார்த்துவிட்டேனடி. திமிங்கிலச் சுறா. அதன் பக்கத்தில் நீந்தினேன்.

விடியுமுன்பே கிளம்பினோம். படகில் நாங்கள் ஆறு பேர், படகோட்டி அண்ணன், கூட நீரில் இறங்கும் வழிகாட்டிப் பெண் ஒருத்தி. முதல் ஒரு மணி நேரம் எனக்கு நரகம். படகின் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குமட்டல் தாங்கவில்லை. அண்ணன்தான் வந்து, "தூரத்துல வானமும் தண்ணியும் சேருற கோட்டைப் பாருங்கம்மா, கீழே பார்க்காதீங்க" என்றார். காது ஆட்டத்தை உணர்கிறது, கண் 'ஒன்றும் அசையவில்லை' என்கிறது, இரண்டுக்கும் நடுவே மூளை தவிப்பதால்தான் குமட்டலாம். தொடுவானத்தைப் பார்க்கத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அடங்கியது. அப்போதுதான் கோலா மீன்கள் கண்ணில் பட்டன. படகுக்கு முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பி, துடுப்பை விரித்து, அலைக்கு ஒரு முழம் மேலே வழுக்கிக்கொண்டே போய் விழுந்தன. குமட்டல் இருந்த இடம் தெரியவில்லை.

சுறா வந்தது வெயில் ஏறிய பிறகு. "வலப்பக்கம்!" என்று அண்ணன் கத்தினார். தண்ணீருக்குள் ஒரு பெரிய நிழல், அவ்வளவுதான் தெரிந்தது. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கிவிட்டேன். இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு அவசர அவசரமாகக் காற்றை இழுக்கிறேன், எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. வழிகாட்டிப் பெண் என் கையைப் பிடித்து முகத்தை மேலே தூக்கச் சொன்னாள். "இழுக்கிறதை மறந்துடுங்க. மெதுவா, முழுசா வெளியே விடுங்க. உள்ளே போறது தானா நடக்கும்." அதையே செய்தேன். ஐந்தாறு மூச்சில் நெஞ்சு இறங்கியது. முகத்தை மறுபடி தண்ணீருக்குள் வைத்தேன்.

என்னத்தைச் சொல்ல! முதலில் ஒரு சுவர் நகர்வது போலத்தான் இருந்தது. பிறகு அந்தச் சுவரில் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே வெளிறிய கோடுகள். ஆறேழு மீட்டர் இருக்கும் என்றாள். இந்த இனத்துக்கு அது சின்ன வயதாம். உலகத்திலேயே பெரிய மீன் இதுதான், பெண் சுறாக்கள் பதினெட்டு மீட்டர் வரை வளர்வதுண்டு. தண்ணீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்று பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு பேருந்து நீளம் இருந்தது. வாயைத் திறந்தபடி, அவசரமே இல்லாமல், மிதவை உயிரிகளை வடிகட்டிக்கொண்டு போனது. கிட்டே போகக் கூடாது, தொடக் கூடாது, முன்னால் குறுக்கே நிற்கக் கூடாது, வாலிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும் என்று படகிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள். தொட யாருக்கு மனசு வரும்!

உன் பழைய கேள்விக்கு வருகிறேன். அதன் கண்ணைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் கண், வாயோரத்தில். எனக்கு நேரே வந்ததும் அந்தக் கண் கொஞ்சம் சுழன்றது, பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. இந்தச் சுறாவுக்கு இமை கிடையாது. கண்ணின் மேலேயே பல் போன்ற நுண்ணிய செதில்கள் கவசமாகப் பதிந்திருக்கின்றன, அதை 2020-இல்தான் கண்டுபிடித்தார்கள். என்னைப் பார்த்து என்ன நினைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பார்த்தது. அது நிச்சயம்.

வழிகாட்டிப் பெண் அதன் செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகளை மட்டும் படம் எடுத்தாள். கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருக்கும் புள்ளிக் கோலம் இன்னொன்றுக்கு இருக்காதாம். அதை ஒப்பிட்டுப் பார்க்கிற கணினி முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? வானியலாளர்கள் நட்சத்திரப் படங்களைப் பொருத்திப் பார்க்க வைத்திருந்த கணக்கை எடுத்து, 2005-இல் சுறாவின் புள்ளிகளுக்குத் திருப்பியிருக்கிறார்கள். நட்சத்திரத்தை எண்ணுகிற கணக்கு மீனின் முதுகை எண்ணுகிறது! இதைக் கேட்டதும் உன் ஞாபகம்தான். மொட்டைமாடியில் படுத்து நட்சத்திரம் எண்ணியவள் நீதானே.

சரி, இப்போது ஆமை. இந்தக் கடிதம் எழுதக் காரணமே அதுதான்.

திரும்புகிற வழியில் தண்ணீரில் ஏதோ பச்சையாக மிதந்தது. பாசி என்று நினைத்தேன். அண்ணன் இயந்திரத்தைக் குறைத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படகைத் திருப்பினார். அறுந்து போன நைலான் வலை. யாருக்கும் சொந்தமில்லாமல் கடலில் அலைகிற வலை. வலை கைவிடப்பட்டாலும் அதன் வேலையை விடுவதில்லை, மாட்டுவதெல்லாம் மாட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஓர் ஆமை. ஆலிவ் ரிட்லி என்பார்களே, அந்தச் சிற்றாமை. கழுத்திலும் ஒரு முன்துடுப்பிலும் வலை சுற்றி இறுக்கியிருந்தது. தலை தண்ணீருக்குள் தொங்கியது.

"போச்சு" என்றார் யாரோ. அண்ணன் பதில் சொல்லவில்லை. அவரும் வழிகாட்டிப் பெண்ணும் இன்னும் இருவரும் சேர்ந்து ஓட்டின் விளிம்பைப் பிடித்துப் படகுக்குள் ஏற்றினார்கள். நாற்பது கிலோ இருக்கும். கத்தியால் வலையை இழை இழையாக அறுத்தார். துடுப்பு மடங்குகிற இடத்தில் நூல் தோலுக்குள்ளேயே புதைந்திருந்தது, அங்கே மட்டும் அவர் கை ரொம்ப மெதுவாகப் போனது. பிறகு விரல் நுனியால் அதன் கண்ணோரத்தை லேசாகத் தொட்டார். இமை துடித்தது. சின்னத் துடிப்புதான். "இருக்கு" என்றார்.

ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். ஓய்வாகத் தூங்கும்போது மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் இருக்க அதனால் முடியும். வலையில் மாட்டிப் போராடும்போது வைத்திருக்கும் காற்றெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கடலிலேயே வாழ்கிற உயிர் கடலிலேயே மூழ்கிச் சாகிறது என்றால் எப்படி இருக்கிறது பார். மயங்கிய ஆமையை அப்படியே தண்ணீரில் விட்டால் நேரே கீழே போய்விடும். அதனால் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, நுரையீரலில் போன தண்ணீர் வடியும்படி படுக்க வைத்தார்கள். நிழலுக்கு ஒரு துணியைக் கட்டினார்கள். ஓட்டின் மேல் ஈரத்துணி போட்டு, அது காயாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. "மூக்கை மட்டும் மூடிடாதீங்கம்மா."

ஒன்றரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டில் கொட்டலசுகள் என்கிற சின்னக் கடலுயிர்கள் ஒட்டியிருந்தன. கழுத்துத் தோல் பாட்டியின் முழங்கை போலச் சுருங்கியிருந்தது. கண்ணிலிருந்து பிசினாக ஏதோ வழிந்துகொண்டே இருந்தது. அது அழுகையில்லை, உடம்பில் சேர்கிற உப்பைக் கண்ணோரச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது என்று விளக்கினாள் அந்தப் பெண். எனக்கும் புரிந்தது. புரிந்தும் துடைத்துவிடக் கை போனது, அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அது மூச்சு விட்டது. எப்படிச் சொல்வேன்? நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாயும்போது ஒரு பெருமூச்சு வருமே, அதே சத்தம். தலையைக் கொஞ்சம் தூக்கி, வாய் திறந்து, முழுசாக வெளியே விட்டு, அப்புறம் உள்ளே. எங்கள் ஆறு பேரில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த மூச்சு வர ரொம்ப நேரம் ஆனது. அதற்கடுத்தது கொஞ்சம் சீக்கிரம். நான் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன், அதோடு சேர்ந்து நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். காலையில் அந்தப் பெண் எனக்குச் சொன்னது, வெளியே விடு, உள்ளே தானாக வரும் என்றது, திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓடியது.

துடுப்பால் படகின் பலகையை அடிக்கத் தொடங்கியதும் அண்ணன் சிரித்துவிட்டார். இயந்திரத்தை நிறுத்தி, தலை முன்னால் போகும்படி மெல்ல இறக்கினார்கள். நான்கைந்து வீச்சு நேராகப் போனது. ஒரு முறை மேலே வந்து தலையை நீட்டிக் காற்று வாங்கியது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

சாயங்காலம் டால்பின்களும் வந்தன. சுழல் டால்பின்கள், ஒரே தாவலில் ஏழு சுற்று வரை சுற்றுமாம். மற்றவர்கள் எல்லோரும் தாவலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படகின் முனையில் குப்புறப் படுத்து, அவை மேலே வரும்போது தலையுச்சித் துளையிலிருந்து வருகிற 'ப்பூ' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நமக்குத் தூக்கத்திலும் மூச்சு தானாக நடக்கிறது. டால்பினுக்கு ஒவ்வொரு மூச்சும் அதுவாக நினைத்து விட வேண்டியது. அதனால்தான் மூளையில் பாதியை மட்டும் உறங்க வைத்து, மறுபாதியை விழித்திருக்க வைக்கிறது.

அறுத்த வலையை அண்ணன் கடலில் போடவில்லை, சுருட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். இதோ, எழுதுகிற மேசையில்தான் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய நூல். இழுத்துப் பார்த்தேன், என் கையால் அறுக்க முடியவில்லை.

அடுத்த வருடம் இதே பருவத்தில் அந்த அண்ணன் படகு எடுக்கிறார். இரண்டு இடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், உன்னைக் கேட்காமலே. நீச்சல் தெரியாது என்று எழுதாதே. தண்ணீரில் இறங்காமல் படகிலேயே இரு. துணி நனைக்க ஓர் ஆள் வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர்களுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே, அவர்களே படிக்கட்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி