எதிரே நிற்கும் கோளை எவர் கேட்டார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒளியின் வேகத்தை விஞ்சும் விண்கலங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையில், “விண்வெளி வெறுமையானது, ஆகவே கலம் போய்ச் சேரும் கோளுக்கு எவ்விதப் பாதிப்பும் இராது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. பயணிகளின் இருக்கை வரை வருணித்த கட்டுரையாளருக்கு, எதிரே இருக்கும் கோளுக்கென ஒதுக்க அந்த ஒரு வரிதான் மிஞ்சியது போலும்.

தாங்கள் அறியாததன்று. மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே 1994-இல் முன்வைத்த கணிப்பின்படி, முன்னாலுள்ள வெளி சுருங்கப் பின்னாலுள்ள வெளி விரிய, இடையிலுள்ள குமிழி கலத்தைச் சுமந்து செல்லும். அதற்கு வேண்டிய எதிர்மறை ஆற்றல், அதாவது சுழியத்துக்கும் கீழான ஆற்றல், இன்று எவர் கையிலும் இல்லை என்பது வேறு கதை. ஆனால் விண்மீன்களுக்கு இடையே அணுக்களும் தூசும் அரிதாகவேனும் இருக்கத்தான் செய்கின்றன. சூரியனுக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனான புரோக்சிமா செண்டாரிக்குப் போவதானாலும், குமிழியின் முகப்பு அவற்றை வழிநெடுக வாரிக்கொண்டே போகும். கலம் நின்றதும் அவை பேராற்றலோடு முன்னோக்கிப் பாயும் என்றும், பயணம் நீள நீள அந்த ஆற்றலும் பெருகும் என்றும் 2012-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரி சந்திப்பில் பிரேக் போட்டு நின்ற பிறகுதான், அது இழுத்துவந்த புழுதி முன்னே உருண்டு, கொடியில் காயும் பள்ளிச் சீருடைகளின் மேல் படிகிறது. ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அமர்ந்திருப்பார். நிர்வாகத்திடம் முறையிட்டபோது எங்களுக்குக் கிடைத்த பதிலும் “பாதிப்பில்லை” என்பதே.

அங்கே பாய்வது புழுதியுமன்று; பேராற்றல் துகள்களும், ஊடுருவிப் பாயும் காமாக் கதிர்களும். காமாக் கதிர்களைக் கோளின் காந்தப்புலம் திருப்பிவிடாது; பூமியைப் போன்ற கோளாயின், காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் சிதைந்து, அதனால் ஓசோன் படலம் கரையும். காற்றழுத்தம் பூமியினதில் 1 விழுக்காடுகூட இல்லாத செவ்வாய் போன்றதாயின், தரையே நேரடியாக வாங்கிக்கொள்ளும். கலத்திலிருப்பவர் குமிழியின் முகப்புக்குச் செய்தி அனுப்பி அதை அடக்கவும் இயலாது.

தங்கள் இதழில் அறிவியல் படும் பாடு புதிதன்று. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தை முழுக் கிரகணம் என்று அச்சிட்டதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதம் இன்றுவரை வெளிவரவில்லை. ராசிபலன் மட்டும் இரண்டு பக்கமாக வளர்ந்தது. (தனுசு ராசிக்காரனான எனக்கு அதில் பயணயோகம் என்று போட்டிருந்தார்கள்.) அறிவியல் பகுதியோ பேரங்காடி விளம்பரம் விட்டுவைத்த மூலையில் ஒண்டிக்கிடக்கிறது. தோட்டப்புறத்து வாசகனுக்கு இவ்வளவு போதும் என்று தாங்கள் முடிவு செய்திருப்பின், அதைத் தெரிவித்துவிடலாம். நாங்கள் எதிர்பார்ப்பை நிறுத்திக்கொள்வோம்.

கட்டுரையாளரை நீக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. அடுத்த ஞாயிறு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். எங்கள் தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையில் அந்தக் கட்டுரையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். திருத்தத்துக்கென அதன் கீழே இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்